முகம் வெந்த ஆடுகளின் ஊர்

பிப்ரவரி மாதம். நியூசிலாந்தில் அது கோடையின் கடைசி. வைக்காட்டோ சமவெளியில் ஒரு பண்ணையில் நூற்றுக்கணக்கான செம்மறிகள் மேய்ந்துகொண்டிருக்க, ஒரே ஒரு பெட்டை ஆடு மட்டும் வேலியோர மரத்தின் நிழலை விட்டு வரமாட்டேன் என்று நிற்கிறது. காது தடித்துத் தொங்குகிறது. கண் இமை வீங்கி, பார்வை பாதி மறைந்திருக்கிறது. தலையை உதறுகிறது, மரப்பட்டையில் மூஞ்சியைத் தேய்க்கிறது. தேய்த்த இடத்தில் தோல் உரிந்து நீர் வடிகிறது. உடம்பில் கம்பளி மூடிய பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயில் படும் முகமும் காதும்தான் தீப்பட்டதுபோல் வெந்திருக்கின்றன.

இந்த நோய்க்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'முகப் படை'. பெயரைக் கேட்டால் தோல் நோய் என்று தோன்றும். உண்மையில் இது கல்லீரல் நோய். முகத்தில் தெரிவது கடைசிக் கட்டம். ஒரு ஆட்டின் முகம் வெந்துவிட்டால், அதே மந்தையில் வெளியே ஒன்றும் தெரியாமல் கல்லீரல் கெட்ட ஆடுகள் இன்னும் பல இருக்கும். அதனால்தான் அந்த ஒற்றை ஆட்டைக் கண்டதும் பண்ணைக்காரருக்கு வயிற்றைக் கலக்குகிறது.

வைக்காட்டோ, நியூசிலாந்தின் வடக்குத் தீவில் இருக்கிறது. ஆக்லாந்து நகரத்திலிருந்து தெற்கே காரில் கிளம்பினால், நகரம் முடிகிற இடத்தில் 'பம்பாய் மலை' என்ற பலகை வரும். பம்பாயிலிருந்து யாரும் வந்து குடியேறியதால் வந்த பெயரில்லை இது. 1860களில் குடியேறிகளை ஏற்றிவந்த ஒரு கப்பலின் பெயர். அந்த மேட்டைத் தாண்டி இறங்கினால் வைக்காட்டோ ஆறு சாலையோடு கூடவே வருகிறது. 425 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆறுதான் அந்த நாட்டிலேயே நீளமானது. காவிரியில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். ஆனால் வருஷம் முழுக்கக் கரை நிரம்ப ஓடுகிறது. சுமார் 125 கிலோமீட்டரில் ஹாமில்டன் நகரம்.

வழியெல்லாம் புல். காடு என்றோ வயல் என்றோ பிரித்துச் சொல்ல முடியாதபடி கண் எட்டும் வரை பச்சை. அது தானாக முளைத்த புல் இல்லை. ரை புல்லும் வெள்ளைக் குளோவரும் விதைத்து, உரம் போட்டு, கம்பி வேலியால் கட்டம் கட்டமாகப் பிரித்த மேய்ச்சல் வயல். இன்று ஒரு கட்டம், நாளை அடுத்த கட்டம் என்று கால்நடை நகர்ந்துகொண்டே இருக்கும். தீவனத் தொட்டி, வைக்கோற்போர், கொட்டகை எதுவும் பெரும்பாலும் கிடையாது. ஆடு பிறப்பதும் வளர்வதும் வெட்டவெளியில்தான். 1982இல் அந்த நாட்டில் 7 கோடி செம்மறிகள் இருந்தன. மக்கள்தொகை அப்போது 30 லட்சத்துச் சொச்சம். இப்போது ஆடுகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. வைக்காட்டோவின் சமதரையைக் கறவை மாடுகள் பிடித்துக்கொள்ள, ஆடுகள் மேட்டுச் சரிவுகளுக்கு ஏறிவிட்டன.

இப்படி முழுக்க முழுக்கப் புல்லையே நம்பிய நாட்டில், புல்லே விஷமானால் என்ன ஆகும்? வறண்ட கோடைக்குப் பிறகு மழை தட்டி, இரவிலும் தரையோரம் 12, 13 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்காமல் சில நாட்கள் புழுக்கமாக இருந்தால் போதும். புல்லின் அடியில் காய்ந்து கிடக்கும் பழைய தாள்களில் ஒரு பூஞ்சணம் பிடிக்கிறது. பித்தோமைசஸ் என்று அதற்குப் பெயர். அதன் கரும் வித்துகளில் 'ஸ்போரிடெஸ்மின்' என்ற நஞ்சு உண்டு. மேலே தழைத்த இளம்புல்லில் விஷம் குறைவு. மண்ணோடு ஒட்டிய அடிப்புல்லில்தான் அதிகம். ஆடோ, மாட்டைவிட ஒட்ட மேயும். உதடும் பல்லும் தரையைத் தொடும் அளவுக்குக் கடிக்கும். அதனால் அதன் வாயில்தான் வித்து அதிகம் போகிறது.

நஞ்சு கல்லீரலுக்குப் போய்ப் பித்தக் குழாய்களை அரித்து அடைக்கிறது. இனி நடப்பதுதான் விசித்திரம். ஆடு தின்னும் பச்சையத்தை அதன் முன்வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் செரிக்கும்போது ஒரு துணைப்பொருள் உண்டாகும். நல்ல ஆட்டில் அது பித்தநீரோடு சாணத்தில் வெளியேறிவிடும். பித்த வழி அடைபட்டால் அது ரத்தத்தில் கலந்து தோலுக்கு வருகிறது. வெளிச்சம் பட்டதும் வெந்துபோகச் செய்வது அதன் குணம். கம்பளி மூடிய தோலில் வெளிச்சம் படாது. முகத்திலும் காதிலும் படும். விஷப்புல்லைத் தின்றதற்கும் முகம் வேவதற்கும் இடையே பத்துப் பதினைந்து நாள் இடைவெளி இருக்கும். அடையாளம் தெரியும்போது, புல் நல்லதாகவே மாறிவிட்டிருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்கப் பல பத்தாண்டுகள் ஆனதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

1938இல் இந்த நோய் பெரிதாக வந்து மந்தை மந்தையாக ஆடுகளை வாரிக்கொண்டு போனது. ஹாமில்டனின் கிழக்கு ஓரத்தில் ருவாக்குரா என்ற இடத்தில் அரசின் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1900களின் தொடக்கத்தில் மாதிரிப் பண்ணையாக ஆரம்பித்தது. அங்கே இருந்தவர்கள் புல்லைச் சந்தேகித்தார்கள், சத்துக் குறைவைச் சந்தேகித்தார்கள், வெயிலைச் சந்தேகித்தார்கள். சத்துக் குறைவைச் சந்தேகித்ததில் நியாயம் உண்டு. அதே தீவின் நடுவில், எரிமலைச் சாம்பல் மண்ணில், புல் செழித்திருந்தும் ஆடுமாடுகள் இளைத்துச் செத்துக்கொண்டிருந்தன. மண்ணில் கோபால்ட் துளியும் போதாததே அதற்குக் காரணம் என்பது 1930களில்தான் தெரிந்தது. ஏக்கருக்கு மிகச் சிறிதளவு கோபால்ட்டை உரத்தோடு கலந்து தூவியதும், வெறும் நிலமாகக் கிடந்த வட்டாரங்கள் பண்ணைகளாயின. கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஒரு தாது ஒரு வட்டாரத்தையே வாழவைக்கும் என்று அந்த மக்கள் நேரில் கண்டிருந்தார்கள்.

முகப் படைக்குக் காரணம் பூஞ்சணம் என்று ருவாக்குராவில் உறுதியானது 1958இல். அடுத்த ஆண்டே நஞ்சையும் பிரித்தெடுத்தார்கள். காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் லட்சக்கணக்கான ஏக்கர் புல்லில் பிடிக்கும் பூஞ்சணத்தை என்ன செய்வது? பூஞ்சணக்கொல்லி தெளிக்கலாம், செலவு தாங்காது, பூஞ்சணம் ஏறும் முன்பே தெளித்தாகவும் வேண்டும். ஆபத்தில்லாத வயலுக்கு மந்தையை ஓட்டலாம். எது ஆபத்தில்லாதது என்று யாருக்குத் தெரியும்? மருந்து என்று ஒன்று இல்லாமலேயே இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் ஓடியது.

ஹாமில்டனிலிருந்து கிழக்கே 50 கிலோமீட்டர் போனால் அந்தக் கதையின் அடுத்த பாதி இருக்கிற ஊர் வரும். தே அரோஹா. மாவோரி மொழியில் 'அரோஹா' என்றால் அன்பு. ஊருக்கு முதுகு கொடுத்து அதே பெயரில் 952 மீட்டர் உயர மலை எழுந்து நிற்கிறது. மலையடிவாரத்தில் ஒரு பூங்கா. அதில் சோடா நீர் கொதித்துப் பீறிடும் ஊற்று. முழங்கால் வலிக்காரர்கள் வெந்நீர்த் தொட்டியில் ஊறிக் கிடப்பார்கள். 1880இல் தங்கம் கிடைத்ததால் ஜனம் கூடிய ஊர் இது. தங்கம் தீர்ந்து, ரயில் நின்று, இப்போது பழைய ரயில் பாதையில் சைக்கிள் ஓட்டிகள் போகிறார்கள். தெருவை விட்டு இறங்கினால் வைஹோ ஆறு, அதற்கு அப்பால் மறுபடியும் புல்.

இந்த வட்டாரத்தில் பண்ணை வைத்திருந்த கிளாடிஸ் ரீட் என்ற பெண்மணிதான் துத்தநாகத்தைக் கையில் எடுத்தவர். அவர் ஆராய்ச்சி நிலையத்துச் சம்பளக்காரர் இல்லை. தன் கால்நடைகளுக்கு அதிக அளவில் துத்தநாகம் கொடுத்துப் பார்த்து, அவற்றுக்கு முகப் படை வருவதில்லை என்று சொன்னார். சொல்லிவிட்டு நிற்கவுமில்லை, அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களிடமும் எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். படித்தவர்கள் முதலில் ஏற்கவில்லை. அவர்கள் பக்கத்திலும் பேச்சு இருந்தது. துத்தநாகம் அளவு மீறினால் அதுவே நஞ்சு. ஒரு வீட்டு அனுபவத்தை நம்பி நாடு முழுக்க மந்தைகளுக்கு அதை ஊற்றச் சொல்ல ஒரு அரசு நிலையம் தயங்கியதைக் குற்றமாகச் சொல்லிவிட முடியாது. தயங்கிய ஒவ்வொரு கோடையிலும் ஆடுகள் செத்தன என்பதும் அதே அளவுக்கு உண்மை.

1970களின் நடுவில் ருவாக்குராவின் டவர்ஸ், ஸ்மித் ஆகியோர் சோதனை வைத்தார்கள். சில விலங்குகளுக்குத் துத்தநாகமும் நஞ்சும், சிலவற்றுக்கு நஞ்சு மட்டும் கொடுத்துக் கல்லீரலை ஒப்பிட்டார்கள். ரீட் சொன்னது சரி என்று தெரிந்தது. 1983இல் அவருக்கு வேளாண் சேவைக்கான அரசு விருது கிடைத்தது. இன்றும் நியூசிலாந்தில் முகப் படைத் தடுப்பு என்றாலே துத்தநாகம்தான்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த அம்மையார் துத்தநாகத்துக்காகப் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவர் ஊருக்கு மேலேயே, தே அரோஹா மலையின் மேற்குச் சரிவில் ஒரு சுரங்கம் இருந்தது. டூயி சுரங்கம். 1967 முதல் 1973 வரை அதில் தோண்டி எடுத்தது துத்தநாகமும் தாமிரமும் ஈயமும். நிறுவனம் நொடித்துப் போய்ச் சுரங்கத்தை மூடியபோது, அரைத்த கழிவு மண் மலையிலேயே கிடந்தது. மழையில் அதிலிருந்து ஈயமும் காட்மியமும் கசிந்து ஓடையைக் கெடுத்தன. நாட்டிலேயே மிக மோசமாகக் கெட்ட இடங்களில் ஒன்று என்று பெயர் வாங்கிய அந்தச் சரிவை அரசு செலவில் சீர்செய்து முடிக்க 2013 ஆகிவிட்டது. ஆட்டைக் காப்பாற்றிய தாதுவும் ஓடையைக் கொன்ற கசடும் ஒரே மலையடிவாரத்துச் சங்கதி.

துத்தநாகம் எப்படிக் காப்பாற்றுகிறது? விடை துத்தநாகத்திடம் பாதி, தாமிரத்திடம் பாதி. ஸ்போரிடெஸ்மின் கல்லீரலுக்குள் போனதும் உருமாறுகிறது. அங்கிருக்கும் தாமிரம் அதைப் பழைய உருவத்துக்கே திருப்புகிறது. மறுபடி உருமாற்றம், மறுபடி திருப்பம். செக்கு மாடுபோலச் சுற்றும் இந்தச் சுழற்சியில் ஒவ்வொரு சுற்றுக்கும் திசுவை அரிக்கும் பொருள்கள் உண்டாகின்றன. கொஞ்சம் நஞ்சு அவ்வளவு கேடு செய்வது இதனால்தான். துத்தநாகம் அந்த நஞ்சைப் பாதி வழியில் பிடித்துக் கட்டிப்போடுகிறது, செக்கு நின்றுவிடுகிறது. கூடவே குடலிலிருந்து தாமிரம் உடம்புக்குள் போவதையும் குறைக்கிறது. இந்த வேலைப்பாட்டை 1980களில் விளக்கியவர் ருவாக்குராவின் ரெக்ஸ் மண்டே.

குடலில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஆடு வளர்க்கும் யாருக்கும் அது உதவும். துத்தநாகம் தாராளமாக உள்ளே போனால், குடல் சுவரின் செல்கள் அதைச் சமாளிக்க ஒரு வகைப் புரதத்தை அதிகமாகச் சுரக்கின்றன. அந்தப் புரதத்துக்குத் துத்தநாகத்தைவிடத் தாமிரத்தின் மேல்தான் பிடிப்பு அதிகம். தீவனத்தில் வரும் தாமிரத்தை அது கவ்விக்கொள்கிறது. சில நாளில் அந்தச் செல்கள் உதிர்ந்து சாணத்தோடு போகும்போது தாமிரமும் போய்விடுகிறது. துத்தநாகத்துக்கென்று வைத்த காவலாள் தாமிரத்தைப் பிடித்துக்கொண்டு போகிற கதை.

செம்மறிக்கு இது சில சமயம் வரம். கால்நடைகளில் தாமிரத்தை வெளியேற்றத் தெரியாதது செம்மறி. கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் கல்லீரலில் சேர்த்துச் சேர்த்து வைக்கும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. திடீரென்று ஒரு நாள், அலைச்சலோ பட்டினியோ காரணமாக, அத்தனையும் ரத்தத்தில் கொட்டும். சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போய், ஒன்றிரண்டு நாளில் ஆடு விழுந்துவிடும். ஸ்காட்லாந்தின் அபர்தீனில் உள்ள ரோவெட் ஆய்வு நிலையம் 1976இல் இதைச் சோதித்தது. தாமிரம் மிகுந்த தீவனத்தோடு துத்தநாகமும் சேர்த்துக் கொடுத்த செம்மறிகளின் கல்லீரலில் தாமிரம் குறைவாகவே சேர்ந்தது. கல்லீரல் சேதமும் குறைந்தது.

வரத்துக்கு எல்லை உண்டு. அதே நிலையம் 1979இல் சினை ஆடுகளை வைத்துப் பார்த்தது. ஒரு கிலோ தீவனத்துக்கு 750 மில்லிகிராம் துத்தநாகம் சேர்த்தபோது ஆடுகள் தீவனத்தைப் பாதியிலேயே விட்டன, தாமிரம் சரிந்தது, பெரும்பாலான குட்டிகள் பிழைக்கவில்லை. தாமிரத்தைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். தாமிரக் குறைவு தீர்ந்தது. குட்டிகள் மட்டும் அப்போதும் தேறவில்லை. நியூசிலாந்திலேயே, முகப் படைக்காக அளவுக்கு மேல் துத்தநாகம் ஊற்றிய ஆடுகளின் கணையம் கெட்டதை ருவாக்குராக்காரர்கள் படிப்படியாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அளவைக் கணக்குப் போட்டால் இது புரியும். 40 கிலோ எடையுள்ள செம்மறி ஒன்றுக்கு அன்றாட வாழ்வுக்குத் தேவையான துத்தநாகம், தீவனத்தில் இருப்பதையும் சேர்த்து, நாளைக்குச் சுமார் 35 முதல் 40 மில்லிகிராம். முகப் படையைத் தடுக்கக் கொடுப்பதோ உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற கணக்கில். அதாவது அதே ஆட்டுக்கு 800 மில்லிகிராம். தேவையைப் போல இருபது மடங்கு. இதைச் சத்து என்று சொல்ல முடியாது, மருந்து. விஷத்தின் ஓரம் வரை போய் நிற்கும் மருந்து. வைக்காட்டோவில் இதை வருஷம் முழுக்க யாரும் கொடுப்பதில்லை. ஜனவரி முதல் மே வரை, வித்து ஏறும் வாரங்களில் மட்டும். அங்கே ஆடுகள் குட்டி போடுவது ஆகஸ்ட், செப்டம்பரில். ஆகவே சினை முற்றும் காலத்துக்கு முன்பே துத்தநாகம் நின்றுவிடுகிறது. காலண்டர் செய்த உபகாரம்.

கொடுக்கும் விதத்திலும் ஆட்டுக்கு ஆட்டின் சிக்கல். மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியில் துத்தநாக சல்பேட்டைக் கரைத்துவிடுகிறார்கள். ஆட்டுக்கு அது எடுபடாது. ஈரப்புல்லும் பனித்துளியுமே போதும் என்று செம்மறி பல நாள் தொட்டிப் பக்கமே வராது. வந்தாலும் துவர்ப்பை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். ஆகவே துத்தநாக ஆக்ஸைடைப் பால் போலக் கரைத்து, முதுகில் கேனை மாட்டிக்கொண்டு, மருந்துத் துப்பாக்கியால் ஒவ்வொன்றின் வாயிலும் பீய்ச்ச வேண்டும். பத்து ஆட்டுக்குப் பரவாயில்லை. இரண்டாயிரம் ஆட்டை நாய் வைத்து மடக்கி, ஒடுக்கமான கூண்டு வழியே விட்டு, வாரத்துக்கு வாரம் செய்வதென்றால் முதுகெலும்பு கழன்றுவிடும். அதற்காக வந்ததுதான் வயிற்றில் தங்கிக் கரையும் பெரிய குளிகை. தொண்டைக்குள் ஒரு முறை செலுத்தினால் முன்வயிற்றில் கிடந்து 4 முதல் 6 வாரம் வரை துத்தநாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். விலைதான் கொஞ்சம் இடிக்கும்.

எப்படிக் கொடுத்தாலும் முன்னதாகக் கொடுக்க வேண்டும். கல்லீரல் கெட்ட பிறகு துத்தநாகத்தால் ஒன்றும் ஆகாது. முகம் வெந்த ஆட்டுக்கு நிழலும், நல்ல தண்ணீரும், பச்சை இல்லாத தீவனமும்தான் வைத்தியம். பிழைத்தாலும் அடுத்த பருவத்தில் சினை பிடிப்பது குறையும்.

முன்னதாக என்றால் எப்போது? அதற்குத்தான் வித்து எண்ணிக்கை. கோடை வந்ததும் பண்ணைக்காரர்கள் கத்தரியும் பையும் எடுத்துக்கொண்டு வயலில் குறுக்காக நடந்து, மண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே புல்லைக் கத்தரித்து, கால்நடை மருத்துவமனையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அங்கே அதைத் தண்ணீரில் குலுக்கி, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துக் கரும் வித்துகளை எண்ணுகிறார்கள். ஒரு கிராம் புல்லில் 1 லட்சம் வித்து என்பது அபாய மணி. வட்டாரவாரியாக வாரா வாரம் எண்ணிக்கை வெளியாகிறது. ஒரே பண்ணையில் வடக்குச் சரிவு ஒரு எண், தெற்குச் சரிவு ஒரு எண். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

இன்னொரு வழியும் மெல்லத் தலையெடுத்திருக்கிறது. சில ஆட்டுக் குடும்பங்களுக்கு இந்த நஞ்சைத் தாங்கும் குணம் பரம்பரையாகவே இருக்கிறது. 1980களிலிருந்து கிடாக்களுக்குச் சிறிதளவு நஞ்சைக் கணக்காகக் கொடுத்து, ரத்தத்தில் கல்லீரல் சேதத்தின் அளவைப் பார்த்து, தாங்கிய கிடாவையே பொலிக்கு வைக்கும் பண்ணைகள் உண்டு. இருபது முப்பது வருஷம் பிடிக்கும் வேலை. ஆனாலும் அப்படி வந்த மந்தைகளில் மருந்துத் துப்பாக்கிக்கு வேலை குறைந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தப் பூஞ்சண நோய் ஆட்டுக்காரர்களின் கவலையாக இல்லை. ஆனால் முகம் வேகும் ஆட்டைப் பார்த்தவர்கள் இங்கேயும் உண்டு. சத்தியமங்கலம், பர்கூர் மலைப்பக்கங்களில் காட்டை மூடிக் கிடக்கும் உண்ணிச்செடியைக் கோடைப் பஞ்சத்தில் ஆடுமாடுகள் கடித்துவிடும். அதிலுள்ள நஞ்சும் பித்த வழியைத்தான் அடைக்கிறது. கண் மஞ்சளாகி, காதும் மூக்கும் வெடித்து, நிழல் தேடி நிற்பதெல்லாம் வைக்காட்டோ ஆட்டைப் போலவேதான். அதற்குத் துத்தநாகம் மருந்து என்று எடுத்துக்கொண்டால் தவறு. இரண்டும் வேறு நஞ்சு, வேறு வேலைப்பாடு. உடனே நிழலில் கட்டி, உண்ணிச்செடி உள்ள பக்கம் மேய்ச்சலை நிறுத்தி, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவதுதான் செய்ய வேண்டியது.

துத்தநாகப் பற்றாக்குறை வேறு விஷயம். அது தமிழ்நாட்டு மண்ணுக்குப் பழக்கமானது. நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் போடச் சொல்வதே இதனால்தான். மண்ணில் குறைந்தது தட்டையிலும் வைக்கோலிலும் குறையும். செம்மறியில் அது ரோமம் உதிர்வதாக, ஒன்றன் ரோமத்தை ஒன்று கடிப்பதாக, கண்ணைச் சுற்றியும் குளம்புக்கு மேலும் தோல் தடித்துச் செதில் விடுவதாகத் தெரியும். கிடாக் குட்டிக்கு இது இன்னும் முக்கியம். ஆஸ்திரேலியாவில் அண்டர்வுட் 1969இல் காட்டியது: ஒரு கிலோ தீவனத்தில் 17 மில்லிகிராம் துத்தநாகம் இருந்தால் கிடாக் குட்டி நன்றாகத்தான் வளர்கிறது, ஆனால் விதை வளர்ந்து விந்து ஊற 32 மில்லிகிராம் அளவு வேண்டியிருந்தது. பார்க்க வாட்டசாட்டமாக இருந்தும் பெட்டைகள் சினை பிடிக்காத மந்தையில் கிடாவின் தீவனத்தையும் ஒரு முறை பார்க்கலாம்.

அதற்காக வயலுக்கு வாங்கிய ஜிங்க் சல்பேட் மூட்டையைப் பிரித்து ஆட்டுத் தொட்டியில் போடக் கூடாது. உர ரகத்தில் ஈயமும் காட்மியமும் கலந்திருக்கலாம். தே அரோஹா ஓடையைக் கெடுத்தவை அவைதான். அள்ளிப் போடும் கைக்கு மில்லிகிராம் கணக்கும் தெரியாது. கூடுதலாகப் போனால் தாமிரம் குறைந்து, பிறக்கும் குட்டிகள் பின்னங்காலை ஊன்ற முடியாமல் தள்ளாடும். கருப்பு ரோமம் வெளுத்துச் சாம்பல் நிறமாகும். மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையை ஆட்டுக்கும் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். அதில் மாட்டுக்கு ஏற்றபடி தாமிரம் இருக்கும். அது செம்மறியின் கல்லீரலில் சத்தமில்லாமல் சேரும். செம்மறிக்கென்று தயாரித்த கலவையை, பையில் அச்சிட்ட அளவில் கொடுப்பதே சரி. எது குறைகிறது என்பது தெரிய வேண்டுமானால் கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனைக்குக் கேட்கலாம்.

மே மாதம் பாதி கடந்ததும் வைக்காட்டோவில் காலைப் புல்லில் வெண்பனி விழுகிறது. மரத்தடிகளில் ஆடு நிற்பதில்லை. மருத்துவமனைப் பலகையில் வித்து எண்ணிக்கை லட்சத்திலிருந்து ஆயிரங்களுக்கு இறங்குகிறது. பண்ணைக்காரர்கள் மருந்துத் துப்பாக்கியைக் கழுவிக் கொட்டகையில் மாட்டுகிறார்கள். அந்த மரத்தடி ஆடு பிழைத்துக்கொண்டது. உரிந்த முகத்தில் புதுத்தோல் வந்து, இளஞ்சிவப்பாக, ரோமம் இல்லாமல் இருக்கிறது. கிடாக்களோடு விட்டு இரண்டு மாதம் ஆகிறது. அது சினையா இல்லையா என்பது ஸ்கேன் பார்க்கிறவர் வரும்போது தெரியும்.